ஐந்தாவது வட்டம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நெட்ரா ரேட்லிஃப் மலின்ஸ் வீட்டுக்கு நூறடி முன்பே காரை நிறுத்தினாள். அதற்கு மேல் இடமில்லை. சாலையின் இரு பக்கமும் பிக்கப் வண்டிகள் நின்றன. ராய் மலின்ஸின் அடக்கம் பிற்பகல் இரண்டு மணிக்கு. திங்கட்கிழமை சுரங்கத்தில் கூரை சரிந்து செத்திருந்தான். முப்பத்து நான்கு வயது.

தேர்வு எழுத விட்டுப்போனவர்களுக்கான கடைசி நாளும் அன்றுதான். மூன்று மணிக்கு முடிந்துவிடும்.

அவள் இறங்கவில்லை. மடியில் இருந்த பெயர்ப் பட்டியலை மறுபடி எண்ணினாள். எத்தனை முறை எண்ணினாலும் அதே கணக்குதான் வந்தது.

டர்லி கிரீக் தொடக்கப் பள்ளியில் அவள் இருபத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறாள். இன்னும் ஓராண்டு இருந்தால் முழு ஓய்வூதியம். தேர்வை வைத்துப் பள்ளிகளை அளக்கும் சட்டம் வாஷிங்டனில் வந்த பிறகு வகுப்பிலிருந்து எடுத்து அவளைத் தேர்வுப் பொறுப்பாளராகப் போட்டார்கள். விதிகள் அவளுக்கு மனப்பாடம். பட்டியலில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் எழுதியாக வேண்டும். டர்லி கிரீக்குக்கு அது ஐம்பத்தாறு பேர். எழுதியவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் தேற வேண்டும். இரண்டில் எது தவறினாலும் பள்ளி தவறியதாகத்தான் பொருள்.

நான்கு ஆண்டுகள் தவறியாகிவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கென்று வாஷிங்டனிலிருந்து வரும் பணத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கு வேறு பக்கம் போனது. முதலில் வாசிப்பு ஆசிரியை போனாள். அடுத்து நூலகம் போனது. அந்தப் பணத்துக்கு மாநிலத் தலைநகரிலிருந்து ஒரு நிறுவனம் வாரம் ஒருமுறை வந்து பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்கார வைத்தது. ஐந்தாம் ஆண்டும் தவறினால் பள்ளியைப் பூட்டிவிடுவார்கள். பிள்ளைகள் மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம்.

பார்க்கர் வீட்டு இரட்டையர் மார்ச் மாதமே போய்விட்டார்கள். அப்பனுக்குக் கரோலினாவில் வேலை கிடைத்தது. ஒரே ராத்திரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். மாற்றுச் சான்றிதழ் கேட்டு எந்தப் பள்ளியும் எழுதவில்லை. அதனால் இருவரும் இன்னும் பட்டியலில் இருந்தார்கள். மீதி ஐம்பத்தைந்து பேர் எழுதிவிட்டார்கள். ராயின் மகள் ஷெல்பி மலின்ஸ் ஒருத்திதான் பாக்கி. ஐந்தாம் வகுப்பு.

வாசல் படியில் ராயின் தம்பி டோனி உட்கார்ந்திருந்தான். கழுத்துப் பட்டை அவிழ்ந்து தொங்கியது.

"என்ன டீச்சர், அட்டென்டன்ஸ் எடுக்க வந்தீங்களா?"

"கிரிஸ்டல பாக்கணும் டோனி."

"கையில லிஸ்ட்டோட துக்கம் விசாரிக்க வந்த மொத ஆளு நீங்கதான்."

அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நாலாங் கிளாஸ்ல எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தீங்க. அதுக்காக விடறேன். போங்க," என்றான்.

சமையலறையில் பெண்கள் பன்றித்தொடை இறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். மேசை முழுவதும் மூடிய பாத்திரங்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. ராயின் மனைவி கிரிஸ்டல் பின்னறையில், கறுப்பு உடையின் முதுகு பாதி திறந்திருக்க, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இவளும் நெட்ராவிடம் படித்தவள்தான்.

"கேக்கக் கூடாத ஒண்ண கேக்க வந்திருக்கேன் கிரிஸ்டல்."

"பரீட்சையா?"

"ஆமா."

"அவ அப்பன இன்னும் பொதைக்கவே இல்ல டீச்சர்."

"தெரியும்."

"இதுக்கெல்லாம் லீவு லெட்டர் கெடையாதா?"

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தா ஒரு ஃபாரம் இருக்கு. டாக்டர் கையெழுத்துப் போட்டா விட்ருவாங்க. வீட்ல சாவு விழுந்தா அதுக்கு ஃபாரம் இல்ல. மூணு தடவ போன் போட்டுக் கேட்டுட்டேன்."

"அவளே செத்திருந்தா?"

"பேர அடிச்சிருவாங்க," என்றாள்.

கிரிஸ்டல் தலையாட்டினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. திரும்பி முதுகைக் காட்டினாள். நெட்ரா ஜிப்பை மேலே இழுத்துவிட்டாள்.

"அந்த மலை ரோட்டுல பனிக் காலத்துல புள்ளைங்க பஸ்ஸ ஓட்டச் சொல்றவன் ஒரு நாளு அதுல ஏறிப் பாக்கணும்னு ராய் சொல்லிட்டே இருப்பான். பள்ளிக்கூடம் நிக்கணும்னு அவனுக்கு ஆசை. கூட்டிட்டுப் போங்க. பன்னெண்டுக்குள்ள கொண்டாந்து விட்ருங்க. டிரெஸ் கசங்காம."

ஷெல்பி நீல நிற உடையில் இருந்தாள். வெள்ளைக் கழுத்துப் பட்டி. யாரோ இரட்டைச் சடை பின்னிவிட்டிருந்தார்கள். கிளம்பும்போது ஓர் அத்தை அவள் கையில் ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்துத் திணித்தாள். காரில் அதைக் கடைசித் துணுக்கு வரை தின்றாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்று நெட்ராவுக்குத் தெரியாது.

"எத்தன கேள்வி டீச்சர்?"

"அம்பது. நீ அஞ்சு போட்டா போதும். அஞ்சு வட்டம் நிரப்பிட்டா எழுதினதா எடுத்துக்குவாங்க."

"நாலு போட்டா?"

"எழுதலன்னு அர்த்தம்."

"அஞ்சும் சரியா இருக்கணுமா?"

"வேண்டாம் கண்ணு. எதையாச்சும் நிரப்பு."

இப்படிச் சொல்வதே குற்றம். கையேட்டில் அதற்குத் தனிப் பக்கம் உண்டு.

"அஞ்சு போட்டா பள்ளிக்கூடத்த மூட மாட்டாங்களா?"

முன்னால் நிலக்கரி லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நெட்ரா அதை முந்தவில்லை.

"மாட்டாங்க," என்றாள்.

தேர்வு அறையின் சுவர்களில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வாய்ப்பாடும் நாட்டின் வரைபடமும் பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது. இரண்டு வாரமாக அப்படியே இருந்தது. நெட்ரா கதவைச் சாத்தி, கையேட்டைத் திறந்து, இருக்கிறபடியே வாசித்தாள். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. "இன்று உங்களால் முடிந்த அளவு சிறப்பாகச் செய்ய வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்க்காதீர்கள்." அறையில் முப்பது நாற்காலிகள் இருந்தன. ஷெல்பி இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

அவள் எதையாவது நிரப்பவில்லை. முதல் கேள்வியை உதடசைத்துப் படித்தாள். ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். பிறகு நிரப்பினாள். இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதை அழித்துத் திரும்பப் போட்டாள். நெட்ரா கடிகாரத்தைப் பார்த்தாள். அவசரப்படுத்தவும் விதியில் இடமில்லை.

நான்காவது வட்டத்தை நிரப்பி முடித்ததும் பென்சில் உருண்டு கீழே விழுந்தது. ஷெல்பி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கேள்விப் புத்தகம், விடைத்தாள், உடையின் முன்பக்கம், எல்லாவற்றிலும் வாந்தி எடுத்தாள்.

நெட்ரா சடைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆசிரியைகள் கழிவறைக்குக் கூட்டிப்போய், கைகழுவும் தொட்டியில் உடையின் கீழ்ப்பாதியை அலசினாள். தாள் துண்டால் ஒற்றினாள். சிறுமி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்குப் போகணும் டீச்சர்."

புதுத் தாள் கொடுக்கலாம். விதியில் அதற்கு இடமுண்டு. இன்னும் ஒன்றே ஒன்று என்று நெட்ரா கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

பதினொன்றேமுக்காலுக்கு அவளை வீட்டில் விட்டாள். பள்ளிக்குத் திரும்பியபோது தலைமையாசிரியர் டுவைட் லாசன் தேர்வு அறையில் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்.

இதற்கும் விதி இருந்தது. அழுக்கான தாளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூட வேண்டும். தேதி, நேரம் எழுத வேண்டும். பை மாநில அலுவலகத்துக்குப் போகும். அதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து விடைகளைப் புதுத் தாளுக்கு மாற்ற வேண்டும். ஒருவர் வாசிக்க, ஒருவர் நிரப்ப, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பைகளை யாரும் திறப்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

லாசன் மூக்கைத் திருப்பிக்கொண்டு வாசித்தார். "ஒண்ணு, சி. ரெண்டு, ஏ. மூணு, டி. நாலு, சி." நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார்.

"அவ்ளோதானா?" என்றாள் நெட்ரா.

"அவ்ளோதான்."

வெளியே மைதானத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். லாசன் தாளைப் பைக்குள் நழுவவிட்டு வாயை அழுத்தி மூடினார். கையுறைகளைக் கழற்றினார்.

"கை நாறுது. கழுவிட்டு வந்துடறேன்," என்றார். போனவர் ஐந்து நிமிடம் வரவில்லை. கைகழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

நெட்ரா ஐந்தாவது வரிசையில் பி வட்டத்தை நிரப்பினாள். ஐந்தாவது கேள்வி என்னவென்று அவள் பார்க்கவில்லை. பார்க்க விதியில் இடமில்லை.

லாசன் வந்தார். எங்கே கையெழுத்து என்று கேட்டார். போட்டார்.

இரண்டு மணிக்கு நெட்ரா கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் நின்றாள். பெட்டியைத் திறக்கவில்லை. காற்று அடித்தது. ஷெல்பியின் பாவாடை ஈரம் காயாமல் முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிரிஸ்டல் குனிந்து அதை ஒருமுறை பிரித்துவிட்டாள்.

முடிவுகள் ஆகஸ்டில் வந்தன. எழுதியவர்கள் ஐம்பத்தாறு பேர். தேறியவர்கள் முப்பத்து மூன்று. தேற வேண்டியவர்கள் முப்பத்து நான்கு. உள்ளூர்ச் செய்தித்தாள் முதல் பக்கத்தில் போட்டது: ஒரு பிள்ளையால் தவறியது டர்லி கிரீக்.

ஒரு பிள்ளையின் குறைவால் என்று எழுத நினைத்திருப்பார்கள். ஊர் அப்படிப் படிக்கவில்லை.

தேறாதவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் இருபத்திரண்டு பேருடைய பெயரை யாரும் தேடவில்லை. பாதியில் வாந்தி எடுத்தவள் ஒருத்திதான் என்று பள்ளியைப் பெருக்குகிறவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். மளிகைக் கடையில் பணம் கட்டும் இடத்தில் ஒரு பெண் சொன்னதை நெட்ராவே கேட்டாள். "பாவம்தான். இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் புள்ளைய அன்னிக்கு வீட்லயே விட்ருந்தா நம்ம பள்ளிக்கூடம் தப்பிச்சிருக்குமே." பக்கத்தில் நின்றவள், "இழுத்துட்டுப் போனது யாரு?" என்று கேட்டாள். இருவரும் திரும்பி நெட்ராவைப் பார்த்தார்கள். பிறகு முட்டை விலையைப் பற்றிப் பேசினார்கள்.

இரண்டு நாள் கழித்து அஞ்சலகத்துக்கு வெளியே ஷெல்பி அவளை வழிமறித்தாள். கிரிஸ்டல் உள்ளே வரிசையில் நின்றிருந்தாள். சிறுமி இளைத்திருந்தாள்.

"அது நானா டீச்சர்?"

"எது?"

"பேப்பர்ல போட்டிருக்காங்களே, அந்த ஒண்ணு."

"யாருன்னு யாருக்கும் தெரியாது கண்ணு. பேரெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க."

"என் ஃப்ரெண்டு கேட்டி அவ வீட்டுக்கு நான் வரக் கூடாதுன்னுட்டா. அவங்கம்மா சொன்னாங்களாம்."

நெட்ரா சாவியைத் தேடுவதுபோல் கைப்பைக்குள் பார்த்தாள்.

"நாலுதான் போட்டேன்," என்றாள் ஷெல்பி. "நாலு போட்டா எழுதலன்னு அர்த்தம்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப அம்பத்தஞ்சுதான வரணும்? பேப்பர்ல அம்பத்தாறுன்னு இருக்கு. ரெண்டு தடவ பாத்தேன்."

அஞ்சலகக் கதவு திறந்தது. கிரிஸ்டல் வெளியே வந்தாள். ஷெல்பி ஓடிப்போய் அவளோடு நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை நெட்ரா லாசன் வீட்டுக்குப் போனாள். அவர் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லிடப் போறேன் டுவைட்."

அவர் குழாயை மூடினார். "என்னத்த?"

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது நெட்ரா. நான் கை கழுவப் போயிருந்தேன். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம். அத நெனச்சீங்களா?"

"அத நெனச்சுத்தான் ரெண்டு நாளா சும்மா இருந்தேன்."

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நாற்காலிகள் போதவில்லை. ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். சிலர் சுரங்கத்திலிருந்து நேராக வந்திருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு மாவட்டக் கண்காணிப்பாளர் மெரில் காக்ஸ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லாசன். காக்ஸ் கெட்டவர் இல்லை. அவருக்கு முன்னால் கால்குலேட்டரும் தண்ணீர்ப் புட்டியும் இருந்தன.

"இந்தச் சட்டம் சரியில்லன்னு எனக்கும் தெரியும்," என்றார். "வாஷிங்டன்ல இத மாத்தப் பேசிட்டிருக்காங்க. ஒரே அளவுகோல எல்லா ஊருக்கும் வெக்கக் கூடாது, மாநிலங்களே முடிவு பண்ணட்டும்னு ரெண்டு கட்சியிலயும் சொல்றாங்க. மாறிடுச்சுன்னா உங்கள மாதிரிப் பள்ளிய இப்படிப் பூட்ட வேண்டியிருக்காது."

"எப்ப மாறும்?" என்று சுவரோரத்திலிருந்து டோனி கேட்டான்.

"எலெக்சன் முடியட்டும்."

"பஸ்ஸு எப்ப வரும்?"

"இருபத்தஞ்சாம் தேதி."

யாரோ சிரித்தார்கள். அதில் சந்தோஷம் இல்லை. சட்டம் கடைசியில் மாறத்தான் செய்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது வரிசையில் கிரிஸ்டலும் ஷெல்பியும் இருந்தார்கள். அவர்களுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி காலியாக இருந்தது. சுவரோரம் அத்தனை பேர் நிற்கும்போது.

நெட்ரா எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள்.

"ஷெல்பி மலின்ஸ் நாலு வட்டம்தான் நிரப்புனா. நாலு போட்டா எண்ணக் கூடாது. அஞ்சாவத நான் நிரப்புனேன். அவ மேல எந்தத் தப்பும் இல்ல. அவ எழுதவே இல்ல. நாந்தான் அவள எண்ண வெச்சேன்."

காக்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தாள மாத்தும்போது ரெண்டு பேர் இருக்கணும். ரெண்டு கையெழுத்து இருக்கு," என்றார்.

லாசன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நீட்டுனேன். அவரு போட்டாரு. நிரப்பும்போது நான் மட்டும்தான் இருந்தேன்."

"இதுக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமில்ல? உங்க ஆசிரியர் உரிமம் போயிடும். ஓய்வூதியமும்..."

"கையேடு எங்கிட்டதான் இருக்கு மெரில்."

அப்போது பின்வரிசையில் ஓர் இளம் தாய் எழுந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"இருங்க, இருங்க. அப்ப அந்தப் புள்ளைய எண்ணக் கூடாதுதான? அம்பத்தஞ்சு பேருதான எழுதினது? அதுல முப்பத்து மூணு. அது எவ்ளோ வருது?"

கூடம் முழுவதும் காக்ஸின் கையைப் பார்த்தது. அவர் கால்குலேட்டரைத் தட்டினார். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபது," என்றார். "சரியா அறுபது."

சத்தம் எழுந்தது. யாரோ மேசையைத் தட்டினார்கள். "பாஸ்! பாஸ் ஆயிட்டோம்!" டோனி தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தான். ஒரு கிழவர் கிரிஸ்டலின் பக்கத்துக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்தார். ஷெல்பி நெட்ராவைப் பார்த்தாள்.

நெட்ரா உட்காரவில்லை. அவளுக்கு மறு கணக்கு தெரியும். காக்ஸுக்கும் தெரியும். அவர் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். சத்தம் அடங்க வெகு நேரம் ஆனது.

"அம்பத்தெட்டுல அம்பத்தஞ்சு பேரு எழுதினா," என்றார், "தொண்ணூத்து நாலே முக்காலுக்குக் கொஞ்சம் மேல வருது. தொண்ணூத்தஞ்சு வேணும்."

"அப்ப?"

"அந்தப் பக்கமும் ஃபெயில்தான்."

குழந்தை வைத்திருந்தவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "அப்ப எப்படிப் பண்ணியிருந்தா பாஸாகியிருப்போம்?"

காக்ஸ் கால்குலேட்டரின் மூடியைச் சாத்தினார்.

டோனி சுவரிலிருந்து விலகி முன்னால் வந்தான். நெட்ராவுக்கு நேரே நின்றான்.

"அப்ப எதுக்கு அன்னிக்கு வந்தீங்க?" என்றான். "அண்ணன் பெட்டியில கெடக்கறப்ப, எதுக்கு வந்தீங்க?"

"பள்ளிக்கூடம் நிக்கும்னு நெனச்சேன்."

"நெனச்சாங்களாம்," என்று யாரோ சொன்னார்கள். பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். அவள் நின்ற வரிசை வழியாக ஒருவரும் போகவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளில் அவள் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். லாசன் மேசைப் பக்கத்துக் கதவு வழியாகப் போனார்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவளுடைய கார் அருகில் ஷெல்பி நின்றாள். கிரிஸ்டல் பத்தடி தள்ளிப் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் மகளைக் கூப்பிடவில்லை. நெட்ராவைப் பார்க்கவும் இல்லை. வண்டிக்குள்ளிருந்து மகளின் வயதில் இன்னொரு சிறுமி எட்டிப் பார்த்தாள். கேட்டி.

"அஞ்சாவதுக்கு என்ன போட்டீங்க டீச்சர்?"

"பி."

"ஏன் பி?"

"சும்மா. கை அங்க போச்சு."

ஷெல்பி யோசித்தாள். அந்தக் கேள்வி அவளுக்கு நினைவிருந்தது.

"சி," என்றாள். "நான் சி போட்டிருப்பேன்."